மஞ்சள் திரைச்சீலை ஏற்றிய கப்பல்

மணி ஒன்பது நாற்பது.

வெளி மிதவையில் கட்டியிருந்த சரக்குக் கப்பலின் சமையல்காரன், துவைத்த திரைச்சீலை ஒன்றைப் பிழிந்து எடுத்துவந்து பெரிய பாய்மரத்துக் கயிற்றில் காயப் போட்டான். கேப்டனின் அறைச் சன்னலில் தொங்கிய சீலை அது. முந்தின நாள் அதன்மேல் காபி கொட்டிவிட்டது. பளிச்சென்ற மஞ்சள். வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவன் அடுப்படிக்கு இறங்கிப் போனான். இந்த விவகாரத்தில் அவன் பங்கு அவ்வளவுதான்.

மணி ஒன்பது நாற்பத்திரண்டு. கரையில், கொடிமேடையின் உச்சியில் நின்ற கொடிமேடைக்காரர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்தார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினார்: மஞ்சள் கொடி. வெளி மிதவை. தொற்றுநோய்.

எழுதி முடித்துவிட்டு மணியை அடித்தார்.

துறைமுகம் அல்லோலகல்லோலப்பட்டது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காவல் படகு ஒன்று அரக்கப்பரக்கக் கிளம்பிப் போய், அந்தக் கப்பலைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது.

துறைமுக அலுவலகத்தின் மாடி அறையில் நகல் எடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா, சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பேனா கையிலிருந்து நழுவி, துடைத்துவைத்த மேஜைமேல் மையைக் கக்கியது. மஞ்சள் கொடியைப் பார்த்து அல்ல. அந்தக் கப்பலின் விலாவில் ஒட்டிக்கொண்டு நின்ற சின்னப் படகைப் பார்த்து.

தண்ணிப்படகு. கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஏற்றும் படகு. அதில் கைப்பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவர் மனைவி.

மனைவிக்கு நோய் வந்துவிடுமோ என்று அவர் பயப்படவில்லை. பயம் வேறு. இன்று மாதத்தின் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிக்கும். அதற்குள் அந்தப் படகு கொடிமேடைப் படித்துறைக்கு வந்து துறைமுகத் தலைவரான துரையிடம் தன் எண்ணைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் உரிமம் போச்சு. படகு போச்சு. அவளுடைய அப்பா அவளுக்கு விட்டுப்போனது அந்தப் படகு ஒன்றுதான்.

துரை வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு துறைமுகத்தில் இருந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று: இடிக்காதே, இடித்தால் சத்தம் போடாதே. துரை வந்தார், எழுபத்து நாலு விதிகளை எழுதினார். எட்டு மணிக்கு முன் சீட்டி அடிக்கக் கூடாது. படித்துறையில் கால் கழுவக் கூடாது. கரையில் நின்றுகொண்டு கப்பலில் இருப்பவரைப் பெயர் சொல்லித் திட்டக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குப் பிறகு துறைமுகத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. எதற்கு வம்பு?

அத்தனை விதிகளையும் மூன்று முறை நகல் எடுத்தவர் குமாஸ்தா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்வார். அவர் மனைவிக்கோ அந்தப் புத்தகம் வீட்டில் இருந்தால் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

காலையில் வீட்டில் நடந்ததும் அதுதான். முதலில் துரையிடம் எண்ணைக் காட்டிவிட்டு அப்புறம் தண்ணீர் ஏற்றப் போ என்று அவர் கெஞ்சினார். கப்பல்காரன் நாக்கு வறண்டு கிடக்கிறான், உங்கள் துரை எண்ணைத் தடவிப் பார்க்க ரெண்டு நிமிஷம், பத்து மணிக்கு வந்து நிற்கிறேன் என்று அவள் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது, "நீங்க போயி விதியை எண்ணுங்க. நான் பொழப்பைப் பாக்குறேன்" என்று ஒரு குத்து வேறு.

இப்போது விதி ஐம்பத்திரண்டு அவளைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் கொடி ஏறிய கப்பலில் இருப்பவர்களும், அதை ஒட்டி நிற்கும் படகில் இருப்பவர்களும், டாக்டர் வந்து பார்க்கும்வரை கரையில் கால் வைக்கக் கூடாது. கரையில் இருப்பவர்கள் இருபது அடிக்குள் நெருங்கக் கூடாது. தொட்டவர்கள் அவர்களோடே போய்ச் சேர வேண்டும். தொட்டவரைத் தொட்டவரும் அப்படியே.

டாக்டரோ அடுத்த துறைமுகத்துக்குப் போயிருந்தார். நாளைக் காலைதான் வருவார்.

குமாஸ்தா கொடிமேடைப் படிகளில் ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினார். மூச்சு வாங்கத் தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தார். மஞ்சள் துணியின் மேல் ஓரத்தில் வரிசையாகப் பித்தளை வளையங்கள். சன்னல் கம்பியில் மாட்டுகிற வளையங்கள்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. அது திரைச்சீலை. காயப் போட்டிருக்காங்க."

கொடிமேடைக்காரர் அசரவில்லை. "கொடின்னா என்னன்னு மூணாம் விதியில இருக்குல்ல, சொல்லுங்க தம்பி."

குமாஸ்தாவின் வாய் தானாகச் சொன்னது. "பாய்மரத்தில் கட்டப்பட்ட, நாலு மூலை கொண்ட, ஒரே நிறத்துணி."

"பாய்மரத்துல கட்டியிருக்கா?"

"இருக்கு."

"நாலு மூலை?"

"இருக்கு."

"வளையம் இருக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப கொடிதான். நான் எழுதியும் ஆச்சு. எழுதினதை அடிக்க டாக்டரால மட்டும்தான் முடியும். அதுவும் நீங்க நகல் எடுத்ததுதான்."

மணி பத்து இருபது. குமாஸ்தா துரையின் அறைக் கதவைத் தட்டினார். துரை ஒல்லியான மனிதர். பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார். நம் பேச்சைப் புத்தகம் வைத்துக் கற்றவர். வாயைத் திறந்தால் சுவரில் அறிவிப்பு ஒட்டுவதுபோல இருக்கும். குமாஸ்தா விஷயத்தைச் சொன்னதும் சன்னலுக்குப் போய்த் தன் சொந்தத் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"அது திரைச்சீலை என்பதில் எனக்கு ஐயமில்லை" என்றார்.

குமாஸ்தாவுக்கு உயிர் வந்தது.

"ஆனால், குமாஸ்தா, அது கொடியாகவும் இருக்கிறது."

வந்த உயிர் திரும்பிப் போனது.

அறையின் மூலையில் யாரோ செருமினார்கள். பட்டுச்சட்டை. துறைமுகத்துத் தண்ணிப்படகுகள் பன்னிரண்டில் பதினொன்று இந்த ஆளுடையவை. பன்னிரண்டாவதற்காக மூன்று வருஷமாக அலைகிறார். முதலில் விலைக்குக் கேட்டார், தண்ணிக்காரி சிரித்தாள். பிறகு மிரட்டிப் பார்த்தார். அவள் பம்பை அவர் பக்கம் திருப்பி அடித்துச் சட்டையை நனைத்து அனுப்பினாள். இப்போது விதி முப்பத்தொன்று கிடைத்திருக்கிறது. பீரங்கி வெடிக்கும்போது வந்து சேராத படகின் உரிமம், அந்த நேரத்தில் படித்துறையில் மனுவோடு நேரில் நிற்பவருக்குப் போகும். விடியற்காலையிலிருந்தே மனுவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஆள் காத்திருக்கிறார்.

"குமாஸ்தா ஐயா, மனசைத் தேத்திக்குங்க" என்றார் பட்டுச்சட்டை, துக்கம் விசாரிக்கிற குரலில். "வீட்டம்மாவுக்கு என் படகுலயே ஒரு வேலை போட்டுத் தரேன். பம்பு அடிக்கத் தெரிஞ்ச ஆள் எனக்கும் வேணும்ல."

குமாஸ்தா பதினாலு வருஷம் அலுவலகத்தில் வாயைத் திறக்காமலே குப்பை கொட்டியவர். தன் மேஜைக்கு வந்து, விதிப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்ட ஆரம்பித்தார். கண் எழுத்தில் இருந்தது. காது சுவர்க் கடிகாரத்தில்.

பத்து ஐம்பது. விரல் ஐம்பத்தேழாம் விதியில் வந்து நின்றது.

அதை எழுதிய நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. துரை குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்ல, இவர் எழுதினார். ஒதுக்கிவைக்கப்பட்ட கப்பலில் மனிதர்கள் தாகத்தால் தவிக்கக் கூடாது. ஆகவே தினமும் காலை பதினொரு மணிக்கு, அதை ஒட்டி நிற்கும் படகைக் கொடிமேடைப் படித்துறைக் குழாய்க்கு அழைத்துத் தண்ணீர் தர வேண்டும். தண்ணீர் தேவையா, ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

கப்பலில் தண்ணீர் தொட்டி வழிய வழிய நிறைந்திருந்தது. நிரப்பியதே அவர் மனைவிதான்.

இருந்தால் என்ன?

குமாஸ்தா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு துரையின் அறைக்குப் போனார். பதினொரு மணிக்கு இன்னும் எட்டு நிமிடமே இருக்கிறது, ஐம்பத்தேழாம் விதிப்படி தண்ணிப்படகைக் கூப்பிட இன்னும் கொடி ஏற்றவில்லை, தவறினால் விதியை மீறியது நம் அலுவலகம் என்று ஆகிவிடும் என்றார்.

துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறர் விதியை மீறுவதை அவர் தினமும் பார்ப்பவர். தன் அலுவலகமே மீறுவது! நாற்காலி கவிழ எழுந்தார். "உடனே அழைக்கவும்" என்றார்.

பட்டுச்சட்டை இடைமறித்தார். அந்தக் கப்பலுக்கு இப்போதுதான் தண்ணீர் போயிற்று, இனிமேல் ஊற்றினால் கடலில்தான் ஊற்ற வேண்டும் என்றார். ஊற்றுவதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை, அழைப்பதைப் பற்றித்தான் இருக்கிறது என்று துரை சொல்லிவிட்டார்.

கொடிமேடையில் அழைப்புக் கொடி ஏறியது. தண்ணிப்படகில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைக் கரையிலிருந்தே காண முடிந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். துடுப்புக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காவல் படகு பின்னால் வர, எதிர்க்காற்றில், படகு மெள்ள மெள்ளக் கரையைப் பார்த்து வந்தது.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. படித்துறை காலி. ஆட்கள் எல்லாரும் இருபது அடிக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டி நிறுத்தப்பட்டிருந்தார்கள். முன்வரிசையில் துரை, அவருக்கு வலப்பக்கம் குமாஸ்தா, இடப்பக்கம் மனுவோடு பட்டுச்சட்டை.

கரையிலிருந்து கப்பலைத் திட்டுவதற்குத்தான் விதி உண்டு. படகிலிருந்து கரையைத் திட்டுவது பற்றிப் புத்தகம் மௌனம். தண்ணிக்காரி அந்த மௌனத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டாள். தொட்டி நிறைந்த கப்பலுக்குத் தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்ட மகராசன் யார் என்று கேட்டாள். வெயிலில் ரெண்டு மணி நேரம் கட்டிப்போட்டவர் யார் என்று கேட்டாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே படகின் முகப்பைக் காட்டினார். அங்கே வெள்ளை வண்ணத்தில் எண்: பன்னிரண்டு.

அவள் சட்டென்று வாயை மூடினாள். புரிந்துவிட்டது.

"துரை, படகு வந்தாச்சு" என்றாள். "எண்ணைப் பாத்துக்குங்க. பீரங்கி இன்னும் வெடிக்கல."

துரை ஒரு அடி எடுத்துவைத்தார். நின்றார். முகத்தில் வேர்வை பூத்தது.

குமாஸ்தாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. விதி முப்பத்திரண்டு: எண்ணைத் துறைமுகத் தலைவர் தம் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும், வண்ணம் விரலில் ஒட்டினால் படகு தேறாது. விதி ஐம்பத்திரண்டு: இருபது அடிக்குள் நெருங்கக் கூடாது. துரையின் கை எவ்வளவு நீளம் என்றாலும் இருபது அடி இருக்காது.

தாம் பெற்ற பிள்ளைகள் இரண்டு தம் கண்ணெதிரே கட்டிப் புரள்வதைப் பார்ப்பதுபோல் துரை நின்றார். ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று பிழைக்கும். எதை விடுவது?

"விட்டுடுங்க துரை" என்றார் பட்டுச்சட்டை, மெதுவாக, காதருகில். "பாவம், உங்களால என்ன பண்ண முடியும்? நோய்னு வந்தா நோய்தான். இன்னும் ஒன்பது நிமிஷம், பேசாம நின்னா போதும். என் மனு தயாரா இருக்கு."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் துரையைப் பார்த்தது. ஒன்பது எட்டானது. எட்டு ஏழானது.

படகிலிருந்து தண்ணிக்காரி பேசினாள். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல். அதுவும் துரையிடம் கேட்கவில்லை.

"என்னங்க, அந்தப் புத்தகத்துல எங்ககிட்ட வரவே கூடாதுன்னு இருக்கா, வந்தா திரும்பிப் போகக் கூடாதுன்னு இருக்கா?"

அவளுடைய வாயிலிருந்து புத்தகத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு கேள்வி. குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு ஐம்பத்திரண்டாம் விதியை வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். கண்ணைத் திறந்தார். பதினாலு வருஷத்துக் குரல் வெளியே வந்தது.

"நெருங்கித் தொட்டவர் அவங்களோடயே போகணும்னு இருக்கு. அவ்வளவுதான். நெருங்கக் கூடாதுங்கிறது கரையிலயே இருக்கிறவங்களுக்கு. போறவங்க திரும்பி வரத்தான் கூடாது. போகத் துணிஞ்சவங்களுக்கு விதி இடம் குடுக்குது, ஐயா."

துரை மெதுவாகத் திரும்பிக் குமாஸ்தாவைப் பார்த்தார். அந்த ஒல்லி முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. எந்த விதியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு நாளை மட்டும்தான். அதுவும் தம்முடைய நாளை.

"மிக நன்று" என்றார். கயிற்றைக் குனிந்து தாண்டினார்.

படிகளில் பூட்ஸ் ஒலிக்கத் துரை இறங்கினார். பட்டுச்சட்டைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் பாய்ந்தார். மூன்று வருஷக் கனவு ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை எந்த மனிதன்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான்? வேண்டாம் துரை, உயிர் முக்கியம் துரை என்று ஓடிப்போய்த் துரையின் கோட்டு வாலை இரண்டு கையாலும் பற்றினார்.

துரை பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டு இழுபட இழுபட முன்னால் குனிந்து, வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை எண்ணின்மேல் அழுத்தினார்.

குமாஸ்தாவுக்குச் சட்டென்று வண்ணம் ஞாபகம் வந்தது. அந்த வண்ணத்தை அவர் அடித்தது நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில். பழைய எண்ணே போதும் என்று அவள் கடைசிவரை அடம் பிடித்ததில் அவ்வளவு தாமதமாகிவிட்டது. காலையில் வாக்குவாதம் முடிந்து அவள் படகை அவிழ்க்கும்போது அது இன்னும் பிசுபிசுத்ததை அவரே தொட்டுப் பார்த்திருந்தார். பதற்றத்தில் மறந்தே போயிருந்தார்.

துரை ஒன்றைத் தேய்த்தார். இரண்டைத் தேய்த்தார். விரலை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

சுத்தமான விரல்.

கப்பலின் விலாவிலும் வரும் வழியிலுமாக இரண்டு மணி நேரம் கொளுத்தும் வெயிலில் கிடந்ததில் வண்ணம் கல்லாகக் காய்ந்திருந்தது. காலையில் புருஷன் பேச்சைக் கேட்டு முதல் ஆளாக வந்திருந்தால் படகு அப்போதே போயிருக்கும். இதை அவளிடம் எப்போதும் சொல்லிவிடக் கூடாது என்று குமாஸ்தா அந்த நிமிடமே முடிவு செய்தார்.

"எண் பன்னிரண்டு. தேறியது" என்று துரை உரக்க அறிவித்தார். "குமாஸ்தா, பதிவு செய்யவும்."

குமாஸ்தா எழுதினார். நிறுத்தி நிறுத்தி, அழகான கையெழுத்தில்.

அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். துரையின் விரல் படகின்மேல் இருந்தபோது, பட்டுச்சட்டையின் கைகள் துரையின் கோட்டின்மேல் இருந்தன. இன்னமும் இருந்தன. பட்டுச்சட்டையும் கவனித்தார். நெருப்பைத் தொட்டதுபோல் கையை விட்டுவிட்டு, பின்பக்கமாகவே ஒரு படி ஏறினார்.

கூட்டம் மொத்தமாக ஆறடி பின்வாங்கியது. காவலர்கள் தடியை நீட்டினார்கள்.

"வாருங்கள்" என்றார் துரை, விருந்துக்கு அழைப்பதுபோல. "தொட்டவரைத் தொட்டவர்."

பன்னிரண்டுக்கு அரை நிமிடம் இருந்தது. துரை படகில் ஏறி நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, சரியான நொடியில் இறக்கினார். பீரங்கி வெடித்தது. படித்துறையில் மனுவோடு நிற்க வேண்டிய ஆள் படித்துறையில் இல்லை. படகின் பின்பலகையில், மனுவை மடியில் வைத்துக்கொண்டு, ஈர மூட்டைபோல உட்கார்ந்திருந்தார்.

தண்ணிக்காரி படகை ஒரு சுற்றுப் பார்த்தாள். துரை நடுவில் நின்றால் துடுப்பு போட முடியாது, முன்னால் போய் உட்காருங்கள் என்றாள். துரை உடனே போய் உட்கார்ந்தார். படகில் ஏறியவர் படகுக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று தாமே எழுதியிருப்பதாகப் பெருமையோடு சொல்லவும் செய்தார்.

அதைக் கேட்டதும் தண்ணிக்காரி பின்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க. தண்ணி பிடிக்கத்தானே கூப்பிட்டாங்க? குழாயில இருந்து தொட்டிக்கு ஏத்தணும். பம்பு அங்க இருக்கு."

"நானா?"

"பதினொரு படகு வச்சிருக்கீங்க. ஒண்ணுலயாச்சும் அடிச்சிப் பழகியிருப்பீங்கல்ல."

பழகியிருக்கவில்லை என்பது முதல் அடியிலேயே தெரிந்தது. பம்பு ஏறும்போது ஆள் தொங்கினார். இறங்கும்போது ஆளைத் தூக்கி அடித்தது. கயிற்றுக்கு அப்பால் நின்ற கூட்டம் எண்ண ஆரம்பித்தது. அறுபதுவரை எண்ணிவிட்டுக் களைத்துப் போய் நிறுத்திக்கொண்டது. அவரால் நிறுத்த முடியவில்லை.

தொட்டி நிறைந்ததும் துடுப்புகள் தண்ணீரில் விழுந்தன. தண்ணிக்காரி கரையைப் பார்த்து, உப்பு டப்பாவைத் தேட வேண்டாம், மேல் பலகையில்தான் இருக்கிறது, ராத்திரிக்கு ஏதாவது நல்லதாகச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று புருஷனுக்குச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். காலையில் துடுப்பைத் தோளில் போட்டபோது இல்லாத சிரிப்பு.

படகு சிறுத்துப் போய்க் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும்வரை குமாஸ்தா படித்துறையிலேயே நின்றார். துரை இல்லாதபோது பொறுப்பு மூத்த குமாஸ்தாவுக்கு. அதற்கும் விதி உண்டு. ஆக, நாளைக் காலைவரை துறைமுகமே அவருடையது. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. கொடிமேடைக்காரர் மேலேயிருந்து இறங்கிவந்து, பதிவுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

"ஐயா" என்றார். காலையில் தம்பியாக இருந்தவர் இப்போது ஐயா. "நாளைக்கு டாக்டர் வந்ததும் முதல்ல யாரைப் பாக்கச் சொல்லட்டும்? துரையைத்தானே?"

"தண்ணிப்படகை."

"துரை?"

"அவர் வரிசையில வரட்டும்."

கொடிமேடைக்காரர் நின்றுவிட்டார். பென்சிலை நாக்கில் நனைத்து, எழுதத் தயாராகக் கேட்டார்: "அது எத்தனாவது விதிங்க ஐயா?"

"விதி இல்லண்ணே" என்றார் குமாஸ்தா, படியேறியபடியே. "என் சம்சாரம்."